பூண்டு வீட்டில் ஒரு மூக்குச் சோதனை

எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில், கூக்காலுக்கும் இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், எங்களைப் பற்றி நீ எப்படி எழுதலாம் என்று நாளைக் காலையில் நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களோடு வாய்ச்சண்டை போட எனக்குப் பயமில்லை, நேரம்தான் இல்லை. உருளைக்கு மண் அணைக்கிற வேலை கிடக்கிறது.

கொரோனாவின் முதல் அலை எங்கள் மலைக்கு ஏறி வரவில்லை. இரண்டாவது அலையில் கீழே ஆட்கள் ஆக்சிஜனுக்கு அலைவதை டிவியில் பார்த்து ஊரே நடுங்கிப்போனது. கூட்டம் போட்டு ஊர்க்கட்டுப்பாடு வைத்தார்கள். எல்லையில் இரண்டு தார் டிரம்களை நிறுத்தி, குறுக்கே ஒரு தைலமரக் கட்டையைப் போட்டார்கள். உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது, போனவர் திரும்பக்கூடாது. பூண்டு ஏற்றுகிற லாரிக்கு மட்டும் கட்டை விலகும். டிரைவர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார்கள். டிரைவர் இறங்கவில்லை, உண்மைதான். மூட்டை அடுக்க நாங்கள்தான் ஏறினோம். அதைப் பற்றிக் கட்டுப்பாட்டில் ஒரு வார்த்தையும் இல்லை.

கட்டைக்குக் காவல் என் மாமனாரின் தம்பி. நான் அவரைச் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். கெட்ட மனிதர் இல்லை. ஒரு ஆளுக்கு நோய் என்று தெரிந்தால் அதிகாரிகள் வந்து தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள், லாரி வராது, ஊரில் இருக்கிற அத்தனை பூண்டும் பரணிலேயே முளை விட்டுவிடும் என்பது அவருடைய பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. என் மகளுக்குக் காய்ச்சல் வருகிற வரைக்கும் இருந்தது.

அவளுக்கு அப்போது பதினொரு வயது. ஆன்லைன் வகுப்புக்கு ஊருக்கு மேலே இருக்கிற பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். ஐந்து பிள்ளைகள் ஒரே குடைக்குள் ஒரே போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை நனைந்து வந்தாள். செவ்வாய்க்கிழமை சூடு, புதன்கிழமை இருமல். நான் எதற்கும் சட்டென்று பயப்படுகிறவள் இல்லை. ஆனால் அன்று அவள் நெற்றியைத் தொட்ட கையை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

வாசனை தெரியாவிட்டால் கொரோனா என்று டிவியில் சொல்லாத நாளே கிடையாது. சரி, பார்த்துவிடுவோம் என்று பரணில் கையை நீட்டினேன். எங்கள் பக்கத்தில் பூண்டை அறுத்த கையோடு விற்றுவிட மாட்டோம். கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவோம். மாதக்கணக்கில் அதன் அடியில்தான் சமையல், சாப்பாடு, தூக்கம். அதில் ஒரு பூண்டைப் பிய்த்து மகளின் மூக்குக்குக் கீழே வைத்தேன்.

"வாசம் வருதா?"

"இல்லம்மா."

"நல்லா இழுத்துப் பாருடி."

"ஒண்ணுமே வரலம்மா."

வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "ஏங்க, பைக்க எடுங்க. கொடைக்கானல் போறோம்" என்றேன். அவர் மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மழையோடு பேசிப் பார்க்கலாம், இவளோடு முடியாது என்று நினைத்திருப்பார். பைக்கை எடுத்தார்.

கட்டைக்கு அருகில் சின்ன மாமாவும் இன்னும் நாலு பேரும் துண்டை வாயில் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏத்தா, எங்க கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு மாமா. பிள்ளைக்கு வாசம் தெரியல."

அந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இரண்டு எட்டு பின்னால் போனார்கள். சின்ன மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "கஷாயம் குடுத்து வீட்டுக்குள்ளயே வச்சுக்கத்தா. வெள்ளிக்கெழம லாரி வருது. இப்பப் போயி நீ எழுதிக் குடுத்துட்டு வந்தா ஊரு என்னத்துக்கு ஆகும்?"

"என் பிள்ள என்னத்துக்கு ஆகும், அத மொதல்ல சொல்லுங்க."

"போனா ரிசல்ட்டு வர்ற வரைக்கும் உள்ள வரப்படாது. ஊர்க்கட்டு."

"வரல. கட்டையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. நான் இறங்கி, அதன் ஒரு முனையைத் தூக்கி ஓடையில் தள்ளினேன். ஐந்து ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ஊரில் ஒரு ஆண்பிள்ளையை எதிர்த்து நான் அதுவரை சத்தமாகக்கூடப் பேசியதில்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

கொடைக்கானல் வரைக்கும் மகளை நடுவில் வைத்து, என் போர்வையால் சுற்றி, அவள் முதுகில் என் நெஞ்சை ஒட்டிக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொரு முறை இருமும்போதும் என் எலும்பில் அது இடித்தது. சாமியையெல்லாம் கும்பிடவில்லை. வெரசாப் போங்க, வெரசாப் போங்க என்று அவர் காதில் கத்திக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடை போட்ட ஒரு நர்ஸ் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவருடைய கண் மட்டும்தான் தெரிந்தது.

"பூண்டு லோடு எதுவும் ஏத்திட்டு வந்தீங்களா? ரெண்டு மாஸ்க் போட்டிருக்கேன், அதையும் தாண்டி மூக்குல ஏறுதும்மா."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சட்டை, போர்வை, தலைமுடி எல்லாம் பூண்டு. பூண்டிலேயே வாழ்கிற பிள்ளையிடம் பூண்டு மணக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். வீட்டில் சோப்பு இருந்தது, காபித்தூள் இருந்தது. என் அறிவுக்கு அகப்பட்டது பூண்டுதான். நடந்ததைச் சொன்னதும் அந்த நர்ஸ் சிரித்த சிரிப்பில் பிளாஸ்டிக் உடை சலசலத்தது. மேசையிலிருந்து ஒரு தைல பாட்டிலைத் திறந்து மகளின் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஐயே, நெடி!" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது. அவள் முகச்சுளிப்பைத் தவிர வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

"வாசம் தெரியுதுங்கிறதால இல்லேன்னு ஆயிடாது. காய்ச்சல் இருக்குல்ல, டெஸ்ட் எடுத்துரலாம். வந்ததே வந்தீங்க, மூணு பேரும் குடுத்துட்டுப் போங்க" என்றார் நர்ஸ். மூக்கில் குச்சியை விட்டு எடுத்தார்கள். ரிசல்ட் இரண்டு நாளில் போனுக்கு வரும்.

திரும்பி வந்தபோது கட்டை பழையபடி குறுக்கே கிடந்தது. நான் உள்ளே வரக் கேட்கவில்லை. கட்டைக்கு வெளியே எங்கள் கேரட் காடு இருக்கிறது, காட்டுமாட்டுக்குக் காவல் இருக்க ஒரு தகரக் குடிசையும் இருக்கிறது. அங்கே தங்கிக்கொள்கிறோம் என்றேன். ஆனால் சின்ன மாமா சும்மா விடவில்லை. "வாசம் தெரியலேன்னு ஊரையே கலங்கடிச்சியே, டாக்டரு என்ன சொன்னாரு?" என்று தூரத்திலிருந்து கேட்டார்.

"உங்க வீட்டுப் பூண்டு ஒண்ண எடுத்து மோந்து பாருங்க மாமா, சொல்றேன்."

மடியில் முடிந்து வைத்திருந்த ஒரு பூண்டை எடுத்து மோந்தார். மறுபடி மோந்தார். பக்கத்து ஆளிடம் கொடுத்தார். ஐந்து மூக்கிலும் ஏறி இறங்கிய பூண்டு அவர் கைக்கே திரும்பி வந்தது. அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது.

"வரலையா? அப்ப அஞ்சு பேரும் கட்டைக்கு இந்தப் பக்கம் வாங்க. ஊர்க்கட்டுல்ல!"

என் மகள் காய்ச்சலோடு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே ஊர் என்னை என்ன சொன்னாலும் தாங்கலாம் என்று தோன்றியது.

குடிசையில் இரண்டு ராத்திரி. குளிர் தாங்காமல் அவளைக் கட்டிக்கொண்டே படுத்தேன். உடம்பெல்லாம் வலித்தது. பைக்கில் போன அலுப்பு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளனே என் வீட்டுக்காரர் சிக்னல் பாறைக்குப் போனார். கட்டையைத் தொடாமல் காட்டு வழியாகச் சுற்றித்தான் போனார், அவர் அப்படிப்பட்டவர். இறங்கி வரும்போது நடையிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"பிள்ளைக்கு இல்ல. எனக்கும் இல்ல" என்றார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

எனக்குத்தான் இருந்தது.

மகளுக்கு இல்லை என்பது முதலில் காதில் விழுந்து, ஒரு நொடி சிரித்தேன். அடுத்த நொடி, இரண்டு ராத்திரி அவளைக் கட்டிக்கொண்டு படுத்தது ஞாபகம் வந்தது. அவள் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். எந்திரிடி, எந்திரி, தள்ளிப் போ என்று அவளைப் பிடித்துத் தள்ளினேன். ஏன் என்று தெரியாமல் அழுதாள். பெற்ற பிள்ளைக்கு நோய் வந்துவிடுமோ என்று மலையெல்லாம் ஓடினவள், அந்த நோயைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அப்போதுதான் தைல பாட்டிலும் ஞாபகம் வந்தது. அவள் முகத்தைச் சுளித்தபோது நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். எனக்கு எந்த நெடியும் வரவில்லை. பூண்டை அவள் மூக்கில் வைத்தவள், எதையும் என் மூக்கில் வைத்துப் பார்க்கவே இல்லை.

அவர் பாறையிலிருந்து போன் போட்டுக் கேட்டபோது நர்ஸ் சொன்னபடி நான் குடிசையில் தனியாக இருந்தேன். அப்பாவும் மகளும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். ஊர் அதற்குச் சம்மதித்தது, ரிசல்ட் அவர்கள் பக்கம் இருந்ததே. எட்டாம் நாள் அவளுக்கு மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள். அந்த எட்டு நாளும் நான் சாப்பிட்டது சாப்பாடு இல்லை, தூங்கியது தூக்கம் இல்லை. மறுபடியும் இல்லை என்று வந்த அன்று, ஆள் இல்லாத கேரட் காட்டில் நின்று வாய்விட்டு அழுதேன். மூச்சு வாங்கியது. அதைப் பொருட்படுத்தவில்லை.

முதல் ரிசல்ட் வந்த அந்த வெள்ளிக்கிழமையே லாரி வந்தது. நான் கட்டைக்கு வெளியே இருந்ததால் தெருவை அடைக்க அதிகாரிகள் யாரும் வரவில்லை. ஊர்ப் பூண்டெல்லாம் போனது. எங்கள் பூண்டை மட்டும் ஏற்றவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஊர்க்கட்டை மீறினவள் விழுந்து கும்பிட்டால் விட்டுவிடலாம் என்று தீர்ப்பு. சின்ன மாமாதான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சாமிக்கு விழுறேன் மாமா. ஊருக்கு விழ மாட்டேன்" என்றேன். "உங்க பேச்சக் கேட்டு நான் வீட்டுக்குள்ள கெடந்திருந்தா, தெருவுல இருக்கிற அத்தன பேருக்கும் நானே ஒட்டிவிட்டிருப்பேன். நான் வெளிய போனதாலதான் அன்னைக்கு லாரி உள்ள வந்துச்சு."

"அது சரித்தா. கட்ட மீறினது தப்பா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"மீறினேன். தப்பில்ல. நாளைக்கும் மீறுவேன்."

எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்களைக் கோயிலில் சாமி கும்பிட யாரும் அழைக்கவில்லை. அழைக்காமலே போனோம்.

அந்தக் கட்டை இன்னமும் எல்லையில்தான் கிடக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் அதில் உட்காருகிறார்கள், சின்ன மாமாவும் உட்காருகிறார். என் மகள் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். ஆனாலும் அவள் சேர்ந்தாற்போல் இரண்டு முறை இருமினால் நான் தைல பாட்டிலைத் தேடுகிறேன். திறந்து முதலில் என் மூக்கில் வைத்துப் பார்க்கிறேன், அப்புறம்தான் அவள் மூக்கில். வாசம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அடுத்து நான் தேடுவது என் செருப்பை.