நட்பின் பக்கம் பேசியவன்

கதிரேசனின் காதலை ஊர் முன்னால் போட்டு உடைத்தவன் நான். தெரிந்தே செய்தேன். இதைப் படிக்கும் நீங்கள் என்னை நல்லவன் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஈஜோக் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் வரை படித்தவன் என்பதால் இளைஞர் மன்றத்தில் ஒலிவாங்கி எப்போதும் என் கையில்தான். அந்த ஆண்டு கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் வைத்தோம். உயர்ந்தது நட்பா, காதலா, திருமணமா? தலைப்பைக் கொடுத்தவனும் நான். நட்பு அணியின் தலைவனும் நான். பட்டிமன்றக் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு வளர்த்த திமிர்!

கதிரேசன் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், அதே லயத்தில், என்னோடு வளர்ந்தவன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். தோட்டத்தில் ஆட்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோரின் மகள் பவானியை அவன் விரும்பியது எனக்கு மட்டுமே தெரியும். சனிக்கிழமைகளில் அவள் கோலசிலாங்கூருக்குத் தையல் வகுப்புக்குப் போவாள். பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் பேசிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

அன்று காதல் அணிப் பெண் பிரமாதமாகப் பேசிவிட்டாள். என் முறை வந்தபோது கூட்டம் கொட்டாவி விட்டது. எழுதி வைத்திருந்த வரிகளெல்லாம் சப்பென்று இருந்தன...

அப்போதுதான் ஆரம்பித்தேன். "நான் காமாலையில் கிடந்தபோது, என் நண்பன் தன் காதலியைக் காக்க வைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்!"

கைதட்டல். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், கதை விடாத லா! யாரு அந்தப் பொண்ணு?"

கூட்டத்தில் கதிரேசனைத் தேடினேன். கையை மெல்ல அசைத்து, வேண்டாம் என்றான். பார்த்தேன்... நன்றாகவே பார்த்தேன்! ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். நிறுத்திக்கொள்ள அவகாசம் இருந்தது.

"பெயரைச் சொல்ல மாட்டேன். அன்று தையல் வகுப்பில் அழுதுகொண்டே ஊசி கோத்தாளே, அந்தப் பெண்!"

அவள் அழுததை நான் பார்த்ததே இல்லை. பேச்சுக்காகச் சேர்த்தது. எங்கள் தோட்டத்தில் தையல் வகுப்புக்குப் போனவள் ஒருத்திதான். விசில் பறந்தது. முன்வரிசையில் மண்டோர் எழுந்து போனார். எங்கள் அணி வென்றது.

பவானியின் வகுப்பு அத்தோடு நின்றது. பொங்கல் முடிந்ததும் பாகான் நக்கோடா ஓமாரில் இருந்த அத்தை மகனுக்குக் கட்டி வைத்தார்கள். அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

திருவிழாவுக்கு மறுநாளே கதிரேசன் வீட்டுக்கு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாமே!

"கூட்டத்தப் பார்த்ததும் வாய் தவறிடுச்சு, இல்ல? நான் கை காட்டினத நீ பாக்கல போல."

"பாக்கலடா."

"விடு லா. நீ வேணும்னேவா செய்வ?"

சந்தேகம் வந்தால் காதலர்கள் சண்டை போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். திருமணத்துக்கு ஊரே சாட்சி நிற்கிறது. நட்புக்கு என்ன இருக்கிறது? ஒருவன் சொன்னதை மற்றவன் நம்புவது... அது ஒன்றுதானே! அந்த ஒன்றிலும் நான் பொய்யை வைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடேன் என்கிறீர்களா? சொன்னால் என் பாரம் குறையும், அவன் பாரம் கூடும், அதனால்தான் சொல்லவில்லை... சீ! இதுவும் மேடைப் பேச்சு. அவன் என்னை விட்டுப் போய்விடுவான் என்ற பயம். வேறொன்றும் இல்லை.

வருகிற ஆவணியில் கதிரேசனுக்குத் திருமணம். வீட்டில் பார்த்த பெண். அவளுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. நேற்று வந்து சொன்னான்:

"மாப்பிள்ளைத் தோழன் நீதான்டா. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

சரி என்று சொல்லிவிட்டேன்.