லோயிஸ் போட்ட கணக்குகள்

சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்புறம், வாத்தியார்களுக்கென்று கட்டிய ஓட்டு வீடுகளில் கடைசி வீடு தியோடருடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துவந்தார். இங்கிலீஷும் சரித்திரமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மெட்ரிகுலேஷனில் எல்லாப் பாடங்களிலும் ஒரே மூச்சில் தேறினால்தான் தேர்ச்சி என்று வைத்திருந்த காலம் அது. கணக்குத்தாள் கைக்கு வந்ததும் அவருக்கு நாக்கு வறண்டுபோகும். ஒவ்வொரு டிசம்பரிலும் எழுதினார், ஒவ்வொரு முறையும் கணக்கில் விழுந்தார்.

அவருடைய மனைவி லோயிஸ், புத்தலப்பட்டில் உபதேசியாராக இருந்தவரின் மகள். பெண்கள் போர்டிங் பள்ளிக்கூடத்தில் கீழ் செகண்டரிவரை படித்தவள். கல்யாணமானதும் புத்தகங்களை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அதைப் பற்றி அவளுக்கு அப்போது வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தாம் வருஷம் மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே குழந்தை கிரேஸ் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வயது. மிஷன் கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. சண்டை ஒன்றுமில்லை. அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வருவார், அவள் தட்டை வைப்பாள், "துன்னுட்டுப் படுங்க" என்பாள். அவர் தலையாட்டுவார். குழந்தையின் பெயரை யாராவது ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவர் உடைந்துபோவார் என்று இருவருமே பயந்தார்கள். அந்தப் பயத்தில் வேறு எதையும் பேச முடியாமல் போயிற்று.

பெயிலானவர்களுக்கென்று உயர் வகுப்புக் கணக்கு வாத்தியார் கோவர்த்தனன் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கணக்குக் கொடுத்து அனுப்புவார். ஒரு தாள் நிறையக் கணக்குகள். அடுத்த சனிக்கிழமை விடையோடு போக வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் தியோடர் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, சிலேட்டில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். லோயிஸ் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சிலேட்டுக் குச்சி கிறீச்சிடும் சத்தத்தைப் பொறுக்க முடியாமல்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"இன்னா கணக்கு அது? படிங்க, கேக்கறேன்."

தியோடர் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி அது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கிச் சொன்னார். "ஒரு தொட்டி. ஒரு குழாய் அத மூணு மணியில ரொப்பும். இன்னொண்ணு நாலு மணியில ரொப்பும். அடியில ஒரு குழாய் ஆறு மணியில காலி பண்ணிடும். மூணையும் ஒண்ணா தொறந்து உட்டா, தொட்டி ரொம்ப எம்மாம் நேரம் ஆவும்?"

லோயிஸ் முறத்தைக் கீழே வைத்தாள். "தொட்டி பன்னெண்டு குடம் புடிக்குதுன்னு வச்சிக்கங்க. மொதக் குழாய் மணிக்கு நாலு குடம் ஊத்துது. ரெண்டாவது மூணு குடம். அடியில ரெண்டு குடம் போய்க்கினே இருக்குது. அப்ப மணிக்கு அஞ்சு குடம் நிக்கும். பன்னெண்டு ரொம்ப ரெண்டு மணியும் இருபத்தி நாலு நிமிஷமும்."

"பன்னெண்டுன்னு எதுல போட்டிருக்குது?"

"எதுலயும் போடல. மூணும் நாலும் ஆறும் மிச்சமில்லாம பங்கு போடறதுக்கு நானா வச்சிக்கினேன். இருவத்தி நாலுன்னு வச்சாலும் அதே விடைதான் வரும்."

அவர் மெதுவாகப் போட்டுப் பார்த்தார். வந்தது. அடுத்த கணக்கைப் படித்தார்.

அன்றிலிருந்து தினமும் விளக்கேற்றியதும் இருவரும் சிலேட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரயில் வண்டிகள் எதிரும் புதிருமாக ஓடின. கூலியாட்கள் வரப்பு வெட்டினார்கள். கிணற்றுக்குள் போட்ட கல் விழுந்த சத்தத்தை வைத்து ஆழம் கண்டுபிடித்தார்கள். பௌதிகப் புத்தகத்தில் இங்கிலீஷ் கடினமாக இருந்த இடங்களை அவர் பிரித்துச் சொல்வார். சொன்னதும் அவள் கணக்கைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. வேலை செய்யும்போதும் மனசு ஏதோ ஒரு கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மட்டும் நெஞ்சில் கிடந்த பாரம் சற்று நகர்ந்துகொடுத்தது.

ஒரு வாரத்துத் தாளில் சராசரிக் கணக்குகள். நாலாவதைப் படித்துப் போட்டு முடித்ததும் தியோடர் ஆறாவதற்குப் போனார்.

"அஞ்சாவது இன்னாச்சு?" என்றாள் லோயிஸ்.

"அது வேணாம்."

"கஷ்டமா?"

"வேணாம் லோயிஸ். உட்டுடு."

அவள் தாளை வாங்கி இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு புருஷன் பெண்சாதி, ஆறு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் ஆனபோது இருவருக்கும் சராசரி வயது இருபது. இப்போது அவர்களோடு ஒரு குழந்தையும் சேர்ந்து, மூவருக்கும் சராசரி வயது பதினெட்டு. குழந்தைக்கு வயது என்ன?

அவள் குச்சியை எடுத்தாள். இப்போது இருவருக்கும் சராசரி இருபத்தாறு, கூட்டினால் ஐம்பத்திரண்டு. மூவருக்கும் சேர்த்து ஐம்பத்துநாலு. கழித்துப் பார்த்தாள். விடையை எழுதாமல் குச்சி நின்றது.

"ரெண்டு" என்றார் தியோடர். அந்த ஒரு கணக்கை அவர் தனியாகவே போட்டிருந்தார். பள்ளிக்கூடத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டு, அவள் கண்ணில் படக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

லோயிஸ் அழுதாள். அடக்கத்தன்று வராத அழுகை அது. தியோடர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழந்தை கடைசி வாரத்தில் கஞ்சியைத் துப்பியது, அவர் மீசையைப் பிடித்து இழுத்தது, "நைனா" என்று சொல்ல வராமல் "நன்னா" என்றது, எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை கோவர்த்தனன் வாத்தியார், தியோடரின் தாளை மற்றவர்களுக்கு முன்னால் தூக்கிக் காட்டிப் பாராட்டினார். "பாருங்கய்யா, புத்தகத்துல இல்லாத வழி. குடத்தால அளந்து போட்டிருக்காரு" என்றார். தியோடர் எழுந்து நின்று, "அது என்னுது இல்ல சார். எங்க வீட்ல போட்டது" என்றார். அறையில் சிரிப்பு எழுந்தது. அவர் உட்காரவில்லை. "வெளயாட்டுக்குச் சொல்லல. மாசக்கணக்கா பாதிக்கு மேல அவ போட்டதுதான். நான் பார்த்து எழுதினு வந்தேன்."

மறுநாள் சாயங்காலம் கோவர்த்தனன் அந்த வீதிக்கு வந்தார். அவர் சாதிக்காரர்கள் யாரும் அந்த ஓட்டு வீடுகளின் பக்கம் காலடி வைத்ததில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார். "அம்மா, ஒரு பித்தளைக் குண்டு. வெளிய நிறுத்தா எட்டுப் பலம். தண்ணிக்குள்ள முக்கி நிறுத்தா ஏழு பலம். அதே அளவு தண்ணிய விட பித்தளை எத்தனை மடங்கு கனம்?"

லோயிஸ் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். "எட்டு மடங்குங்க."

"எப்படி?"

"கெணத்துல குடம் இழுக்கறப்போ, தண்ணிக்குள்ள இருக்கிற வரிக்கும் கையில கனமே தெரியாதுங்க. வெளிய வந்தப்புறந்தான் கனக்கும். உள்ள இருக்கறப்போ தண்ணிதான் தாங்கிக்கினு இருக்குது. குண்டுல கொறஞ்ச ஒரு பலமும் அப்படித்தான். குண்டு எவ்ளோ எடத்த அடச்சிக்குதோ, அவ்ளோ தண்ணியோட எடை ஒரு பலம். குண்டு எட்டுப் பலம்."

கோவர்த்தனன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தியோடர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். "தியோடர், இந்த டிசம்பர் பரீட்சைக்கு ரெண்டு பேரும் பணம் கட்டுங்க. நீர் அவங்களுக்கு இங்கிலீஷும் சரித்திரமும் சொல்லிக் கொடும். மத்தது நான் பார்த்துக்கறேன்."

சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். கிணற்றடியில் சென்னம்மா என்கிற பக்கத்து வீட்டுக்காரி நேராகவே கேட்டாள்: "அவரு தேறாதத நீ தேறி இன்னாடி பண்ணப் போற?" அதே கேள்வியை லோயிஸும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் தியோடர் தயங்கவில்லை. ராஜாக்களின் பெயர்களையும் யுத்தங்களையும் அவளுக்குக் கதைபோலச் சொன்னார். இங்கிலீஷ் கட்டுரைகளைத் திருத்தினார். அவளை ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை.

டிசம்பரில் எழுதினார்கள். பரீட்சைக்கூடத்தில் அவள் ஒருத்திதான் பெண். தனியாக ஒரு மூலையில் மேஜை போட்டிருந்தார்கள். கணக்குத்தாள் அன்று தலையைத் திருப்பித் தியோடரைப் பார்த்தாள். அவர் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, எழுதாமல், மறுபடியும் தோய்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது. வீட்டில் அவர் போட்டுப் பழகிய கணக்குகளே வந்திருந்தன.

பரீட்சை முடிவு போட்ட கெசட் வந்த அன்று தியோடர்தான் பள்ளிக்கூடத்திலிருந்து சேதியோடு வந்தார். வாசலிலேயே நின்று, "நீ தேறிட்ட லோயிஸ்" என்றார்.

"நீங்க?"

"கணக்குதான்." சிரிக்கப் பார்த்தார். "சரித்திரத்துல நல்லாவே வாங்கியிருப்பன்."

அவர் மனசாரச் சந்தோஷப்பட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்குக் கணக்கும் பௌதிகமும் எடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். அவளுடைய பதவி அவருடையதைவிட மேலாயிற்று. ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்து "டீச்சரம்மா வீட்டுக்காரர்" என்றார்கள். இனிப் பரீட்சை எழுதப் போவதில்லை என்று தியோடர் சொன்னார். சிலேட்டைச் சுவரில் மாட்டினார். சாயங்காலங்களில் லோயிஸ் பிள்ளைகளின் வீட்டுக்கணக்கைத் தனியாக உட்கார்ந்து திருத்தினாள். அவர் வேறு அறையில் இருந்தார்.

வருஷம் திரும்புவதற்குள் அவர் கீழ்த் திருப்பதியில் இருந்த சிறிய மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். "நீ வேலையை உடாத. நான் லீவுக்கு வந்து போய்க்கினு இருப்பன்" என்றார். முதலில் மாதாமாதம் வந்தார். பிறகு பண்டிகைக்கு மட்டும். தன் தேர்ச்சிதான் அவரைத் துரத்திவிட்டது என்று லோயிஸ் நம்பினாள். வேலையை விட்டுவிட்டு அவரிடம் போய்விடலாம் என்று பலமுறை நினைத்தாள். வகுப்பில் பெண்கள் தன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் மனசு வரவில்லை. அதற்காகவும் தன்னை வெறுத்தாள்.

மூன்றாம் வருஷம் அவருக்கு விஷக்காய்ச்சல் என்று சேதி வந்தது. லோயிஸ் லீவு போட்டுவிட்டு அன்றைக்கே ரயிலேறினாள். புத்தலப்பட்டு ஸ்டேஷனைத் தாண்டும்போது பிறந்த ஊரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாகாலாவில் வண்டி மாறி, திருப்பதி போய்ச் சேர்ந்தாள். பிரம்மோற்சவத்துக்கு வந்த ஜனக்கூட்டம் தெருவெல்லாம் நிறைந்திருந்தது. அவர் குடியிருந்த ஒற்றை அறையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பாய்மேல் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். பல நாள் கஞ்சி ஊற்றி, ஈரத்துணி போட்டு அவள் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் விட்ட பிறகு ஒரு காலையில் அவரிடம் கேட்டேவிட்டாள்.

"நான் தேறனது உங்களுக்குப் புடிக்கல. அதனாலதான வந்துட்டீங்க?"

தியோடர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புடிக்காம இல்ல லோயிஸ். கிரேஸ் போனப்புறம் நீயும் நானும் பேசனது அந்தக் கணக்கு போடறப்போ மட்டுந்தான். நீ தேறிட்ட. அப்புறம் உனக்கு எங்கிட்ட கேக்க ஒண்ணுமில்ல, எனக்கு உங்கிட்ட கேக்க வெக்கமா பூட்சி. மறுபடியும் ஊடு அப்படியே ஆய்ட்சி. அத என்னால பாக்க முடியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? பரீட்சைக்குப் போகாதவன் இன்னாத்துக்குக் கணக்கு போடணும்னு நீ கேட்டா?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்றாள் லோயிஸ். வெளியே கோவிந்தா போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் போயிற்று. அது தாண்டிப் போனதும் அவள் சொன்னாள்: "நானும் பயந்துக்கினே இருந்தேன். கணக்கு சொல்றேன்னு வந்து உக்காந்தா, உங்களுக்கு அவமானமா இருக்குமோன்னு."

நடக்கத் தெம்பு வந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு சித்தூர் திரும்பினாள். தியோடர் பழையபடி கீழ் வகுப்புகளுக்கே போனார். மறுபடி எழுதும்படி கோவர்த்தனன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தியோடர் மாட்டேன் என்றார், கோவர்த்தனன் வற்புறுத்தவில்லை. அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. லோயிஸ் தன் வகுப்புக்குக் கொடுக்கும் வீட்டுக்கணக்குகளை முதலில் அவரிடம் போட்டுப் பார்க்கச் சொல்வாள். அவர் தப்பாகப் போட்டால், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று பார்த்து, அந்த இடத்தை மறுநாள் வகுப்பில் இரண்டுமுறை சொல்வாள். அது அவருக்கும் தெரியும். "இன்னிக்கி எங்க தப்பு உட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே சிலேட்டை நீட்டுவார். எட்டொன்பது வருஷம் அப்படிப் போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில் ஊரெல்லாம் பரவிய அந்தப் பெருங்காய்ச்சலில் தியோடர் மூன்றே நாளில் போய்விட்டார். கிரேஸுக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ணினார்கள். பள்ளிக்கூடத்தை மூடியிருந்தார்கள். பின்மாரி மழை ஓய்ந்த பிறகு திறந்தபோது, இன்னும் சில வாரம் வீட்டில் இருக்கும்படி லோயிஸிடம் சொன்னார்கள். அவள் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு முதல் நாளே போனாள்.

பெயர் கூப்பிட்டாள். சில பெயர்களுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் யூனிஸ் என்கிற பெண் தன் அக்காவின் பெயர் வந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். லோயிஸ் போய் அவளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். வகுப்பு காத்திருந்தது. யூனிஸ் அழுது ஓய்ந்ததும், "சிலேட்ட எடு" என்று லோயிஸ் மெல்லச் சொன்னாள். எளிதான ஒரு கணக்கை அவள் சொல்ல, இருவருமாகப் போட ஆரம்பித்தார்கள்.