குதிகாலால் ஒரு வாய்க்கால்

தூத்துக்குடிக்குத் தெற்கே, ஆறு கடலில் சேரும் இடத்தில் பிறந்தவள் நான். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனி லைனில் நிற்கிறேன். செல்போனுக்குள் போகும் பலகையில் பழுது இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது வேலை. கண் பலகையில் இருந்தால் போதும், மனசு எங்கேயாவது போய்க்கொள்ளலாம். என்னுடையது சேற்றுக்குப் போகும்.

ஊரில் கடல் தண்ணீர் ஏறும்போது சேற்று வெளியில் கணுக்கால் அளவு பரவும். அந்தத் தண்ணீரின் நுனியிலேயே மடவை மீன் குஞ்சுகள் வந்துவிடும். விரல் நீளம்கூட இருக்காது. கொடுவா மீன் துரத்திக்கொண்டு வரும், ஆனால் அதன் உடம்புக்கு அந்தத் தண்ணீர் பத்தாது. குஞ்சுகள் நிம்மதியாகச் சேற்றுப் பாசியைச் சுரண்டித் தின்னும். தண்ணீர் வடியத் தொடங்கியதும் கூடவே ஓடைக்கு இறங்கிவிடும். தீனியில் மெய்மறந்தவை, மட்டிச் சிப்பி பொறுக்க வந்த பெண்களின் காலடிக் குழிகளில் மாட்டிக்கொள்ளும். வெயிலில் குழித் தண்ணீர் கொதிக்கும். கொக்கு காத்துக்கொண்டு நிற்கும்.

அம்மா கரையேறும்போது குதிகாலால் சேற்றைக் கீறி, குழியை ஓடையோடு சேர்த்துவிடுவாள். மட்டி பொறுக்கும் எல்லாருமே அப்படித்தான். "ஏட்டி, நம்ம காலு போட்ட குழிதான? நாமதான் அறுத்துவிடணும்" என்பாள். அதில் பெரிய கருணை ஒன்றும் கிடையாது. குஞ்சு செத்தால் அப்புறம் வலையில் என்ன விழும்?

எங்கள் லைனில் கர்ப்பிணிகளுக்கு நாற்காலி உண்டு. கேட்டால் உடனே கொடுப்பார்கள். கேட்டவளுக்குக் கான்ட்ராக்ட் நீட்டிப்பு மட்டும் வராது. யாரும் எழுதி ஒட்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் நான் கேட்கவில்லை. நின்றே வேலை பார்த்தேன். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. நின்றதால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மண்ணூர் வாடகை அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நான் அழுவேன், தேற்றலாம் என்று என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பாவம். அழுகை வரவில்லை. திரும்ப வேலைக்கு வந்தபோது பலகைகள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன.

இப்போது பக்கத்தில் நிற்பவள் தண்டலத்துப் பெண், புதிதாகச் சேர்ந்தவள். கேன்டீன் சாம்பாரைக் கண்டால் மூக்கைப் பொத்துவாள். அந்தச் சாம்பாருக்கு யாரும் பொத்தத்தான் செய்வார்கள், அதனால் முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்றாள். அப்படித்தான் நானும் நின்றேன். அவள்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

"சேர் கேளேன்" என்றேன்.

"வேணாம்க்கா. அவரு வேலை போயி வூட்ல குந்திகினு கீறாரு. எனக்கும் போச்சுன்னா இன்னா பண்றது?"

நான் சூப்பர்வைசரிடம் போனேன். "சேர் வேணும் சார்."

"இன்னாமா, விசேஷமா?"

"ஆமா சார்."

"ரினிவல் டைம் வருது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

சொன்னது பொய். பயமும் இல்லை, பெருமையும் இல்லை. கால்தான் வலித்தது. நாற்காலி வந்தது. அவர் அடுத்த லைன் பக்கம் திரும்பியதும், குதிகாலால் அதை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். நான் நின்றபடி அடுத்த பலகையை எடுத்தேன்.