ஜன்னலோரத்து நாற்காலி

ரெய்துன் ஊற்றிய காபியைக் குடிக்காதவர்கள் அந்தக் கரையில் யாருமில்லை. நார்வேயின் மேற்குக் கரையில், கார்களை ஏற்றிக்கொண்டு, மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் கடல்கழியான ஃபியோர்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாகப் போய்வரும் படகில், மேல்தளத்துக் கடை அவளுடையது. இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக அந்தக் கடையில் நின்றே காலத்தை ஓட்டியவள். கல்லில் ஸ்வேலெ வார்ப்பாள். மெத்தென்ற கனத்த அப்பம். வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்துக் கொடுக்க வேண்டும். படகு கரை தட்டுவதற்குள் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கொடுத்தாக வேண்டும்.

பாதிப் பேர் ஒரு காபி மட்டும் வாங்குவார்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டியை மேசையில் விரித்துச் சாப்பிடுவார்கள். படகில் அதுதான் வழக்கம். அவர்கள் இறங்கியதும் ரெய்துன் துணியை எடுத்துக்கொண்டு போய்த் துகள்களைத் துடைப்பாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

கணவன் ஸ்டைனாருக்கும் அதே படகில்தான் வேலை. கீழ்த்தளத்தில் கைகாட்டிக் கார்களை நிறுத்துவான். அவனைக் கஞ்சன் என்று சொன்னால் பாவம். பனியில் யார் வண்டி சிக்கினாலும் மண்வெட்டியோடு முதல் ஆளாய் நிற்பவன். வீட்டில் செய்ய முடிந்ததைக் கடையில் வாங்குவதுதான் அவனுக்குப் பொறுக்காது.

ரெய்துனுக்கு அறுபது வயது வந்தபோது அவனே கேட்டான்.

"என்ன வேணும், சொல்லு."

"ஓஸ்லோ போகணும்."

"போயி?"

"ஒரு நல்ல கடையில ஜன்னலோரமா உக்காரணும். வேற யாராவது எனக்குக் காபி கொண்டுவந்து வைக்கணும். நான் எழுந்திரிக்கவே கூடாது."

"இவ்ளோதானா? நான் பயந்தே போயிட்டேன்."

இருப்பதிலேயே மலிவான ராத்திரி பஸ்ஸில் கிளம்பினார்கள். ஸ்டைனாரின் பையில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி இருந்தது, ஒட்டாமலிருக்க அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து. அவித்த முட்டை இருந்தது. பெரிய பிளாஸ்க் நிறையக் காபியும் இருந்தது.

காலையில் ஓஸ்லோ தூறலில் நனைந்துகொண்டிருந்தது. ஊரில் எதெல்லாம் இலவசம் என்று அவன் முன்பே விசாரித்து வைத்திருந்தான். ஓபரா இசைநாடக அரங்கின் சரிவான கூரைமேல் ஏறி இறங்கினார்கள். அரண்மனைக் காவலாளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாம் நடைதான்.

"டிராமுக்கு அவ்ளோ காசா? கால் எதுக்கு இருக்கு?"

பெஞ்சைக் கண்ட இடத்திலெல்லாம் பிளாஸ்க்கை எடுத்தான். "ஒரு வாய் குடியேன்."

ரெய்துன் வேண்டாமென்றாள். ஜன்னலோரத்துக் காபிக்காகத் தொண்டையைக் காயவைத்திருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் அவள் ஒரு கடையின் முன்னால் நின்றுவிட்டாள். வெளியே மாட்டியிருந்த விலைப் பலகையை ஸ்டைனார் இரண்டு தரம் படித்தான்.

"இந்தக் காசுக்கு நீ ஒரு படகையே காபி குடிக்க வெச்சிருப்ப."

"பொறந்தநாள் யாருக்கு?"

"சரி, சரி. நட."

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு இளம்பெண் தட்டில் இரண்டு காபியைக் கொண்டுவந்தாள். தட்டை வாங்கப் பழக்கத்தில் எழுந்த கைகளை ரெய்துன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். வெள்ளைக் கோப்பை, அதற்கொரு சாசர், பக்கத்தில் குட்டிக் கரண்டி. எல்லாம் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தன.

அப்போதுதான் காகிதம் சரசரத்தது. ஸ்டைனார் ரொட்டியை மேசைமேல் பரப்பிவிட்டு, முட்டையை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். "மன்னிக்கணும். வெளிச் சாப்பாடு இங்க சாப்பிடக் கூடாது."

"அதான் காபி வாங்கியிருக்கோமே!"

"இருந்தாலும்..."

அவன் மனைவியைப் பார்த்தான். "நீ ஒரு ஆளையாவது இப்படிச் சொல்லியிருக்கியா? சொல்லு."

சொன்னதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் இடுப்பில் செருகியிருந்த மேசை துடைக்கும் துணியையும் ரெய்துன் பார்த்தாள். "அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். உள்ள வை."

அவனுக்குக் காது சிவந்தது. காகிதம் கிழியாமல் எல்லாவற்றையும் மடித்துக்கொண்டு எழுந்தான். "வா, எதிர்ல பெஞ்சு இருக்கு. அங்கருந்து பார்த்தாலும் இதே தெருதான்."

அவளுடைய கோப்பை அப்படியே நிறைந்திருந்தது.

"நீ போய்ச் சாப்பிட்டு வா. நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"வரமாட்டியா?"

"மாட்டேன்."

கிளம்ப மறுக்கும் காரின் முன்னால் நிற்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான்.

ஓஸ்லோக்காரர்களை வேடிக்கை பார்க்க வேண்டுமென்று வந்தவளின் கண் அந்த பெஞ்சைவிட்டு நகரவில்லை. மழைத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாக மென்றுகொண்டிருந்தான். தப்புச் செய்துவிட்டோமா? இவ்வளவு வருடம் கேட்காததை இன்றைக்குக் கேட்பது பிடிவாதமா, நியாயமா? பாதி குடித்த கோப்பையைச் சாசரில் வைத்தாள். எழுந்துவிடலாமா என்று கால் துடித்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவனோ, ஊரில் செய்வதுபோலவே போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். பதில் சொல்லாமல் நடையை எட்டிப்போட்டார்கள். நாயோடு வந்த ஒரு பெரியவர் மட்டும் நின்றார். அவருக்கு ஒரு முட்டை கிடைத்தது. இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்தார்கள். ஸ்டைனார் ஜன்னலைக் கைகாட்டினான், கீழ்த்தளத்தில் காருக்குக் காட்டுவதுபோல நீளமாக. பெரியவர் தொப்பியைத் தூக்கினார். ரெய்துன் கோப்பையைத் தூக்கினாள். சிரிப்பில் காபி சாசரில் சிந்தியது.

அவன் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். அந்தப் பெண்ணிடம் சொன்னான்: "இப்ப என்கிட்ட வெளிச் சாப்பாடு எதுவும் இல்லம்மா. வயித்துக்குள்ள இருக்கிறதுதான்."

அவள் சிரித்துவிட்டாள். "உங்க காபி ஆறிப்போச்சு. வேற ஊத்தட்டுமா? ரெண்டாவது கப்புக்குக் காசு இல்ல."

ஸ்டைனார் நிமிர்ந்தான். "மூணாவதுக்கு?"

"அதுக்கும் இல்ல."

அவன் மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினான்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது ரெய்துன்தான் கேட்டாள். "இலவசம்னு ஒரு சிலைப் பூங்காவுக்குப் போகணும்னியே. கிளம்பலாமா?"

"சிலை எங்க ஓடிடப் போகுது? காசு குடுத்த நாற்காலி இது. கடை சாத்துற வரைக்கும் உக்காரு."

ரெய்துன் மேசைக்கு அடியில் இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டாள்.