மலையில் சொன்னதும் மெய்ப்பில் திருத்தியதும்

எழுபதுகளின் கடைசியில், எழுதுகிறவர்கள் ஆறு பேர் ஆண்டுதோறும் டிசம்பரில் மூணாறுக்கு மேலுள்ள மலைகளில் நடக்கப் போவோம். ஆறு பேரும் கொச்சியில் பிழைப்பு நடத்திய தமிழர்கள். எங்கள் எழுத்தைப் பெரும்பாலும் நாங்களேதான் படித்தோம். நான் மட்டாஞ்சேரியில் குடியிருந்து, கல்லூரியில் பாடம் நடத்தினேன். எங்கள் சிற்றிதழுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் என் பொறுப்பு.

நடையில் ஒரு விதி உண்டு. தன் எழுத்தைப் பற்றி வாய் திறப்பவர் அடுத்த தங்கலிடம் வரை சமையல் அண்டாவைச் சுமக்க வேண்டும். முதல் ஆண்டில் எங்கள் கவிஞர் மூன்று நாளும் அதை இறக்கவே இல்லை. பிறகு எல்லோரும் அடங்கினோம். எழுத்தைப் பேச முடியாததால் வீட்டைப் பேசினோம். இப்படித்தான் ஒருவரையொருவர் உண்மையாக அறிகிறோம் என்று நான் பெருமைகூடப் பட்டேன்.

அவர்களில் எனக்கு நெருக்கமானவர் ஒரு சிறுகதைக்காரர். திருநெல்வேலியிலிருந்து வந்து கலூரில் குடியிருந்தார். ஏற்றங்களில் என் பின்னாலேயே வருவார்.

“என்ன வே, இதுக்கே மூச்சு வாங்குதா? மாடி வகுப்புக்கு எப்படி ஏறுதீரு?”

“மெதுவாத்தான். நான் போய்ச் சேரறதுக்குள்ள பசங்க எழுந்து போயிடுவா.”

“அவனுவளாவது பெழச்சானுவ.”

மூன்றாம் ஆண்டு, மழை பிடித்துக்கொண்டதால் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை ஒன்றில் பகல் முழுவதும் ஒதுங்கியிருந்தோம். மற்றவர்கள் உள்ளே சீட்டாடினார்கள். வாசல் பக்கம் உட்கார்ந்து நான் அவரிடம் என் மகளைப் பற்றிச் சொன்னேன். மூன்று வயதில் காய்ச்சலில் போனவள். அன்று காலை மருந்தைத் துப்பியதற்காக என் மனைவி அவளை அடித்திருந்தாள். மாலையில் குழந்தை இல்லை. அந்த அடியை என் மனைவி என்னிடம் மட்டுமே சொன்னாள். நம் இருவரோடு இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நண்பர் தன் துண்டை எடுத்து என் ஈரத் தலையைத் துவட்டிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, கொச்சியின் பிராட்வே கடைத்தெருவை ஒட்டிய அச்சகத்தில் இதழின் மெய்ப்பு வந்திருந்தது. அதில் அவருடைய கதை. நின்றபடியே படித்தேன். ஊரை மாற்றியிருந்தார், தொழிலை மாற்றியிருந்தார். அடி அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. பல ஆண்டுகளாக என்னால் ஒரு வரி எழுத முடியாததை மனிதர் நான்கே பக்கத்தில் முடித்திருந்தார். ஓரிடத்தில் மட்டும் பிழை. குழந்தையின் கவுன் நீலம் என்று இருந்தது. நிறத்தை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நீலத்தை அடித்து, ஓரத்தில் ‘மஞ்சள்’ என்று எழுதினேன்.

அந்த வாரமே சாயாக் கடையில் அவர் கேட்டார்.

“படிச்சீரா? உமக்கு வருத்தம்னா எடுத்துருதேன் வே. இப்பவே சொல்லிரும்.”

“இருக்கட்டும். நன்னா வந்திருக்கு.”

எங்கள் இதழை என் மனைவி படிப்பதில்லை என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் படித்திருக்கிறாள். ஒருநாள் மாலை கல்லூரி முடிந்து படகிறங்கி வீட்டுக்கு வந்தபோது, இதழைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள்.

“அவர்ட்ட சொன்னேளா?”

“மலைல, பேச்சுவாக்கில வந்துடுத்து.”

“கவுன் மஞ்சள்ங்கறதும் பேச்சுவாக்கில வந்துதா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யில் கொஞ்சம் கருணையாவது இருந்திருக்கும்.

“அது நான் திருத்தினது. அவர் நீலம்னு போட்டிருந்தார்.”

இதழை மூடினாள்.

“அப்போ அச்சாறதுக்கு முன்னாடியே படிச்சிருக்கேள். படிச்சுட்டு, கலர்தான் தப்புன்னு தோணித்து.”

இதழை மேசைமேல் வைத்துவிட்டு, சாதம் போடட்டுமா என்று கேட்டாள்.

பிறகு எங்களுக்குள் சண்டையே இல்லை. தெருவில் எங்களை அமைதியான தம்பதி என்பார்கள். நான் மலைக்குப் போவதை நிறுத்தினேன். அதை அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பால்காரர் வராததைச் சொல்வாள், தண்ணீர் வராததைச் சொல்வாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நண்பரின் கதை தொகுப்புகளில் இடம்பெற்றது. அது நல்ல கதை என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த நினைப்புக்காக என்னை நான் மன்னித்ததில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில், பக்கத்து வீட்டுக் கொங்கணிப் பெண்ணோடு அவள் அடிக்கடி வெளியே போய்வந்தாள். கோயிலுக்கு என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் மருத்துவமனையிலிருந்து எனக்கு ஆள் வந்தது. மார்பில் கட்டி. அவளுக்கு எட்டு மாதமாகத் தெரியும். மருத்துவர் என்னைக் காட்டி அவளைச் சற்றுக் கடிந்துகொண்டார்.

“இத்ர நாளும் ஸாரோடு பறஞ்ஞில்லே?”

“சொல்ல வேண்டியவாகிட்ட சொன்னேன், டாக்டர்,” என்றாள் அவள்.

அவள் அருகில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கையெழுத்துப் போட வேண்டிய தாளை மருத்துவர் என் பக்கம் நகர்த்தினார். உறவு என்ற இடத்தில் ‘கணவர்’ என்று எழுதினேன்.