துரைக்குக் கிடைத்த பானகம்

தேவன் செய்த நன்மையைச் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. சாவின் பக்கத்தில் போய் வந்தது நானல்ல, என் பூனை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் கேளுங்கள்.

சங்கரன்கோவிலில் பழைய சாக்கு வியாபாரம் என்றால் என்னைக் கேட்காமல் நடக்காது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெருவில் கிடந்த சாக்கைப் பொறுக்கித் தைத்து விற்று, இன்று சரக்கு அடுக்கச் சொந்தக் கிட்டங்கி வைத்திருக்கிறேன். என் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு சாக்கைக் கையில் கொடுங்கள். அதில் வந்தது உளுந்தா, மல்லியா, சீனியா என்று மோந்தே சொல்வேன். இதில் என்னை ஜெயித்தவர் இந்தத் தாலுகாவில் இல்லை.

என் பூனை துரை, திருவேங்கடத்திலிருந்து வந்த உளுந்துச் சாக்குக் கட்டுக்குள் குட்டியாக வந்தவன். எலி பிடிப்பான். நான் சாக்குத் தைக்கும்போது மடியில் கிடப்பான். என் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எழுந்து போகமாட்டான்.

போன வருடம் கோடையில் அவன் தண்ணீர்த் தொட்டியே கதி என்று கிடந்தான். எவ்வளவு தின்றாலும் முதுகெலும்பு தெரிந்தது. பின்னங்கால்கள் தரையோடு படிந்து, முயல் உட்கார்ந்ததுபோல நடந்தான். அதே நாட்களில் கிட்டங்கி மூலையில் ஓர் அடுக்குச் சாக்கின்மேல் எறும்பு சாரை சாரையாக ஏறியது.

"சீனிச் சாக்கு கலந்துட்டு போல," என்றாள் என் மனைவி ஞானப்பூ.

"ஏட்டி, என் கிட்டங்கில சாக்கு கலக்குமா? யாருகிட்ட பேசுத?"

மோந்து பார்த்தேன். சீனி இல்லை. பூனை மூத்திரம்! அதில் எறும்புக்கு என்ன வேலை? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. துரையைக் கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா அவன் காதில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை நோய் என்றார். எனக்கு மனசு விட்டுப்போனது.

"சீனியே திங்காத பயலுக்கு எப்படிம்மா சர்க்கரை வரும்?"

"சீனி தின்னு வாரதில்ல ஐயா. உடம்புல இன்சுலின் வேலை செய்யல. பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது, தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. இனிப்பை அறியாத நாக்கு, இனிப்பு ஓடுகிற ரத்தம். இதை எதற்காக இப்படிப் படைத்தீர் என்று ஆண்டவரிடமே கேட்டேன்.

காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும், சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் கோணி ஊசி பிடித்த என் கையைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட வந்த ஞானப்பூதான் காது கொடுத்துக் கேட்டாள்.

ஊசியை நான் நன்றாகவே போட்டேன். தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்துக் குத்தினால் துரைக்குத் தெரியவே தெரியாது. அதோடு நிற்காமல், வீட்டில் இருந்த சீனி, கருப்பட்டி, தேன் எல்லாவற்றையும் வெளியே அனுப்பினேன். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. நானாகச் செய்தேன். ஞானப்பூ இனிப்பில்லாத காப்பியைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அப்படியும் துரை தேறவில்லை. ஊசியின் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும், பொறுங்கள் என்றார் டாக்டரம்மா. எனக்குப் பொறுமை கிடையாது. ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று எப்படியும் கிட்டங்கி விடுமுறை. அன்று வீட்டில் உபவாச ஜெபம் என்று அறிவித்தேன். ஓர் ஊரே உபவாசம் இருந்தபோது அங்கிருந்த ஆடுமாடுகூட வாய் வைக்கவில்லை என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஆகவே துரைக்கும் உபவாசம். காலையில் வழக்கம்போல ஊசியைப் போட்டேன். மீன்சோற்றுத் தட்டை எடுத்துப் பரணில் வைத்தேன்.

"பூனைக்கு எதுக்கு உபவாசம்? ஊசி போட்டா சாப்பாடு குடுக்கணும்னு அந்தம்மா சொல்லிச்சுல்லா?"

"விசுவாசம் இல்லாமப் பேசாத ஏட்டி."

கதவைத் தாழ்ப்பாள் போட்டு முழங்காலில் நின்றோம். சபைக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தது முதல், நான் செய்த எல்லாவற்றையும் ஆண்டவருக்கு நினைவுபடுத்தி ஜெபித்தேன். உச்சிவேளைக்கு முன்னால் துரை தள்ளாடினான். பக்கவாட்டில் சாய்ந்தான். கைகால் வெட்டி இழுத்தது.

"சீனித் தண்ணிய ஈறுல தடவணும்! சர்க்கரை ரொம்ப இறங்கி இப்படி ஆனா அதத்தான் செய்யச் சொன்னாவ!" என்று ஞானப்பூ அடுக்களைக்கு ஓடினாள். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"எங்க இருக்கு சீனி? எல்லாத்தையும் வாரிக் குடுத்தாச்சே! இவன் போயிட்டா, இந்த வீட்டுல உங்க பெருமையக் கேக்க வேற யாரு இருக்கா?"

நான் ஜெபித்தேன். இந்தத் தடவை மைக் செட் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குத் தெரியல. நீர்தான் காப்பாத்தணும்." அவ்வளவுதான் வந்தது.

கதவு தட்டும் சத்தம். ஜெபத்தில் இருக்கையில் கதவைத் திறக்கக் கூடாது என்பது என் சட்டம். ஞானப்பூ என் சட்டத்தை மிதித்துப் போய்த் திறந்தாள். பக்கத்து வீட்டுக் கோமதி, செம்பில் பானகத்தோடு நின்றாள். தபசுக்கு வருகிற கூட்டத்துக்கு அவள் வருடந்தோறும் கருப்பட்டிப் பானகம் கரைத்துக் கொடுப்பாள். எங்களுக்கும் கொண்டுவருவாள். நான் வருடந்தோறும் வேண்டாம் என்று அனுப்பிவிடுவேன்.

"அண்ணாச்சி, இது சாமிக்குப் படைச்சதில்ல. வெயில்ல நடந்து வாரவங்களுக்குக் கரைச்சது. இந்த வருசமாவது ஒரு வாய்..."

செம்பை நான் வாங்கிக்கொண்டேன். செம்பில் விரலை முக்கித் துரையின் ஈறில் தடவினேன். மறுபடியும் முக்கினேன், மறுபடியும் தடவினேன். கோமதி அவன் தலையைத் தாங்கிக்கொண்டாள். ஞானப்பூ டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். கைகால் வெட்டு மெல்ல நின்றது. கண் திறந்தது. பிறகு, ருசியே தெரியாத அந்த நாக்கை நீட்டி என் விரலை நக்கினான். சாக்குத் தைத்துக் காய்த்துப்போன விரல். அதில் அந்தச் சொரசொரப்பு பட்டதும் நான் சத்தம்போட்டு அழுதுவிட்டேன்.

"தட்டை எடுங்க பரணுலருந்து," என்றாள் ஞானப்பூ. எடுத்தேன். தின்றான். மாலை ஊசி வேண்டாம், உடனே கொண்டுவாருங்கள் என்று டாக்டரம்மா போனில் சொன்னதை இந்தத் தடவை நானே காது கொடுத்துக் கேட்டேன்.

துரை இன்று சாக்கு அடுக்கின் உச்சியில் படுத்திருக்கிறான். நோய் பறந்துபோகவில்லை. இரண்டு வேளை ஊசி உண்டு, ஆனால் தட்டு முதலில், ஊசி பிறகு. அடுக்களையில் சீனி டப்பா திரும்ப வந்துவிட்டது. இந்த ஆடியில் கோமதி வீட்டுக்கு நானே போய் டம்ளரை நீட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பானகம் பாதி சிந்தியது.

நான் கேட்கும் முன்னமே அந்தச் செம்பில் கருப்பட்டியைக் கரைய வைத்தவர் யார்? யோசிக்க யோசிக்க ஆச்சரியமாக இருக்கிறது. அன்பானவர்களே, உங்கள் வீட்டில் எந்த ஜீவன் துடித்தாலும் தயங்காமல் அவரைக் கூப்பிடுங்கள். ஜெபம் பண்ணும்போது கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போடாதீர்கள்.