பாட்டுக்குப் பின்னால் அவள் குரல்

என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆன பிறகு, தாம்பரத்தில் ஒரு டீக்கடையில் யாரோ ஒருவரின் போனில் என் குரல் பாடியது. அவளுக்காக நான் கட்டிய பாட்டு அது. சமையலறையில் நான் பாடியபோது அவள்தான் பதிவு செய்தாள். அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அங்கிருந்து அதை எடுத்து, எவனோ தன் பாட்டு என்று இணையத்தில் ஏற்றியிருந்தான்.

திருமுடிவாக்கம் பட்டறையில் என்னோடு வெல்டிங் செய்பவர் விடவில்லை.

“இன்னாண்ணா, எவனோ உன் பாட்ட தன்னுதுன்னு போட்டுக்கினு கீறான், நீ கம்முனு கீற?”

“நான் எங்கயும் பதிவு பண்ணலியேப்பா.”

“அதெல்லாம் வாணாம்ணா. நீ கட்டின, நீ பாடின. ரெக்கார்டு ஆன அன்னிக்கே காப்பிரைட்டு உன்னுது.”

பாட்டு இருந்த இணையதளத்துக்கு அவரே புகார் அனுப்பினார். போட்டவனோ பாட்டு தன்னுடையதுதான் என்று சாதித்தான். அதனால் என்னிடம் ஆதாரம் கேட்டார்கள். இருந்தது முழுப் பதிவு மட்டும்தான். குழுவில் போடும்போது அதன் கடைசியை வெட்டியிருந்தேன். வெட்டிய அந்த இடத்தில் அவள் சிரிக்கிறாள். “போதும் நிறுத்துய்யா, பக்கத்து வூட்ல கேக்கப் போவுது” என்கிறாள். அவள் குரல் மிச்சம் இருப்பது அதில் மட்டும்தான். அதை நான் யாருக்கும் கேட்கக் கொடுத்ததில்லை.

அனுப்பினேன். அவன் போட்டிருந்த பாட்டை நீக்கிவிட்டார்கள்.

“ஜெயிச்சிட்டண்ணா, பிரியாணி எப்போ?” என்றார் அவர்.

ஆதாரத்தைச் சரிபார்த்த, முகம் தெரியாத ஒருவர் அவள் குரலைக் கேட்டுவிட்டார். இப்போது அந்தப் பதிவை ஓடவிட்டால், எங்கள் சமையலறையில் மூன்றாவதாக ஒருவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்கிறது.